வி.எம். திணறுகிறது, டிஸ்க்தான் காரணமா?

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது வி.எம்.களை, ஓட்டும் முறை பெரிய நிறுவனங்களைத் தாண்டிக் குமரி மாவட்டத்தின் பரிசோதனைக் கூடங்கள், மண்டிகள், பள்ளிகள் வரை வந்துவிட்டது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வி.எம். மெதுவாகிறது என்ற ஒரே குறையைச் சொல்வதால், கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளைக் கவனித்துவருகிறேன். வி.எம்.களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ-யில் ஓடிக்கொண்டிருந்த நான்கு விண்டோஸ் வி.எம்.களை, உரிமக் கட்டணம் கட்டுப்படியாகாததால், சென்ற ஆண்டு அதேபோன்ற இன்னொரு மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றினோம். சர்வரும் எஸ்எஸ்டி-களும் பழையவைதான். மாற்றியதிலிருந்து, காலையில் கூட்டம் சேரும் நேரத்தில் முடிவுகளைப் பதிவு செய்யும் மென்பொருள் அப்படியே உறைந்து நிற்கிறது. விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ‘ஆவரேஜ் டிஸ்க் செக்/ரைட்’ என்ற அளவு 0.080 வரை போகிறது. தரவைச் சேமிக்கும் தனிப் பெட்டி, அதாவது தனி ஸ்டோரேஜ், வாங்கினால்தான் இது தீரும் என்று பொருள் வழங்குபவர் சொல்கிறார். வாங்கலாமா, ஐயா?
– வாசகர், வடசேரி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். தங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், புதிய ஸ்டோரேஜ் வந்த பிறகும் இதே உறைதல் தொடர்வதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

தாங்கள் குறிப்பிட்ட அளவு விநாடிக் கணக்கில் காட்டப்படுவது. 0.080 என்றால், டிஸ்க்கில் எழுதச் சொல்லும் ஒரு கோரிக்கை முடிய 80 மில்லி விநாடி ஆகிறது என்று பொருள். எஸ்எஸ்டி உள்ள சர்வரில் அது ஓரிரு மில்லி விநாடியில் முடிந்திருக்க வேண்டும். ஆகவே தங்கள் குறை உண்மையானது. ஆனால் அந்த 80 மில்லி விநாடி எங்கே செலவாகிறது என்பதை இந்த ஓர் எண்ணிலிருந்து அறிய முடியாது. வி.எம்.-க்குள் இருக்கும் விண்டோஸ், தான் கோரிக்கையை அனுப்பிய நொடியிலிருந்து பதில் வந்த நொடிவரை உள்ள மொத்தக் காத்திருப்பை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கோரிக்கை விண்டோஸின் சொந்த வரிசை, மென்பொருளாக உருவாக்கப்பட்ட பொய் டிஸ்க் கட்டுப்பாட்டி, அதைத் தாங்கும் பிராக்ஸ்மாக்ஸின் லினக்ஸ், அதன் கோப்பு முறை, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு அட்டை ஆகிய எல்லாவற்றையும் கடந்துதான் டிஸ்க்கைத் தொடுகிறது. இவற்றில் எந்தப் படியில் நின்றாலும் விண்டோஸுக்கு அது ‘டிஸ்க் மெதுவாக இருக்கிறது’ என்றுதான் தெரியும்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். கடலைக் கடக்கப் படகுக்குச் சில நிமிடங்கள் போதும். விடுமுறை நாள்களில் பொழுது போவதெல்லாம் கரையில் நிற்கும் வரிசையில்தான். வரிசைதான் குறை என்றால், படகின் எஞ்சினை மாற்றிப் பயனில்லை.

எனவே ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். காலைக் கூட்ட நேரத்தில் விண்டோஸுக்குள் அந்த அளவைப் பதிவு செய்துகொண்டே, மறுபக்கம் பிராக்ஸ்மாக்ஸ் சர்வரில் ‘ஐஓஸ்டாட்’ கட்டளையை விரிவான வடிவில், ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். ‘சிஸ்ஸ்டாட்’ என்ற தொகுப்பை நிறுவினால் அக்கட்டளை கிடைக்கும். முதலில் வரும் அட்டவணையைத் தள்ளிவிடுங்கள். அது சர்வர் இயங்கத் தொடங்கியது முதல் இன்றுவரை உள்ள சராசரி, இப்போதைய நிலை அன்று. அடுத்தடுத்து வரும் அட்டவணைகளில் ‘ஆர் அவெயிட்’, ‘டபிள்யூ அவெயிட்’ என்ற இரண்டு பத்திகள், படிக்கவும் எழுதவும் ஆகும் சராசரி நேரத்தை மில்லி விநாடியில் காட்டும். கடைசியில் நிற்கும் ‘யூட்டில்’ சதவீதத்தைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். குறைந்தது ஒரு கோரிக்கையாவது கையில் இருந்த நேரத்தின் பங்கைத்தான் அது சொல்கிறது. பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் கவனிக்கும் எஸ்எஸ்டி, 100 சதவீதம் காட்டியபடியே இன்னும் பல மடங்கு வேலையை ஏற்கும் நிலையில் இருக்கலாம். அந்தப் பத்தியை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம்.

இரண்டு பக்கத்திலும் 80-ஐ ஒட்டிய எண்ணே வந்தால் குறை கீழே, டிஸ்க்கிலோ ரெய்டிலோ இருக்கிறது. விண்டோஸ் 80 என்று சொல்லும் அதே நேரத்தில் சர்வர் 1 அல்லது 2 என்று சொன்னால், டிஸ்க் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. காத்திருப்பு இரண்டுக்கும் நடுவில் நிகழ்கிறது. விஎம்வேரில் இருந்தபோது இதே பிரிவினையை ‘இஎஸ்எக்ஸ்டாப்’ கருவி தானாகவே செய்துகாட்டும். அங்கே டி.ஏ.வி.ஜி. என்பது டிஸ்க் பக்கத் தாமதம், கே.ஏ.வி.ஜி. என்பது விஎம்வேருக்குள்ளேயே கழியும் நேரம், ஜி.ஏ.வி.ஜி. என்பது இரண்டின் கூட்டுத்தொகை. முதலாவது 20, 25 மில்லி விநாடியைத் தாண்டி நிலைத்து நின்றாலோ, இரண்டாவது 2-ஐத் தாண்டினாலோ விசாரிக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் கணக்கு. இன்னும் விஎம்வேரிலேயே இருக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தங்கள் இடத்தில் நடுவில்தான் குறை இருக்கும் என்று நான் ஐயப்படுவதற்குக் காரணம், மாற்றிய பிறகே இது தொடங்கியது என்ற வரி. வேறொரு மேடையிலிருந்து கொண்டுவரப்படும் விண்டோஸில், வி.எம்.களுக்கென்றே அமைந்த வேகமான டிஸ்க் இணைப்பை இயக்கும் ‘விர்ட்ஐஓ’ டிரைவர் இருக்காது. டிரைவர் இல்லாமல் அது துவங்க மறுக்கும் என்பதால், மாற்றித் தருபவர்கள் டிஸ்க்கை ஐடிஇ வகையில் இணைத்து, விண்டோஸ் துவங்கியதும் வேலை முடிந்ததென்று போய்விடுகிறார்கள். ஐடிஇ என்பது பழைய வன்பொருளை அப்படியே நடித்துக் காட்டும் ஏற்பாடு. அதில் ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் அடுத்தது செல்லும். நள்ளிரவில் ஒருவர் மட்டும் வேலை செய்தால் குறை தெரியாது. காலையில் பத்துப் பேர் சேரும்போது, அடியில் எத்தனை வேகமான எஸ்எஸ்டி இருந்தாலும், எல்லோரும் ஒற்றை வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பிராக்ஸ்மாக்ஸில் அந்த வி.எம்.-இன் ஹார்டுவேர் பக்கத்தைத் திறந்து, டிஸ்க்கின் பெயர் ‘ஐடிஇ’ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நேரடியாக வகையை மாற்றிவிட வேண்டாம். விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் முழு பேக்கப் ஒன்றை எடுத்து, அது மீள்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டுப்பாட்டி வகையை ‘விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள்’ என்று வைத்து, 1 ஜி.பி. அளவில் வெற்று டிஸ்க் ஒன்றை, பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் ஏற்கும் ஸ்கஸி வகையில் கூடுதலாக இணைத்து, விண்டோஸுக்குள் டிரைவரை நிறுவி, அந்தச் சிறு டிஸ்க் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். அது தெரிந்துவிட்டால் டிரைவர் வேரூன்றிவிட்டது என்று பொருள். அதன் பின் வி.எம்.-ஐ நிறுத்தி, முதன்மை டிஸ்க்கைக் கழற்றி ஸ்கஸி வகையில் மீண்டும் இணைத்து, டிஸ்க் வேலையைத் தனியாகக் கவனிக்கும் ‘ஐஓ திரெட்’ என்ற தேர்வையும் இட்டு, துவக்க வரிசையில் அதை முதலில் வையுங்கள். நான்கு வி.எம்.களையும் ஒரே நாளில் தொடாமல், முக்கியம் குறைந்த ஒன்றில் செய்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது. நோயாளிகளின் முடிவுகள் இருக்கும் இடம் அது.

டிஸ்க் முன்பே ஸ்கஸி வகையில் இருந்தால், நினைவகத்தைப் பாருங்கள். நான்கு வி.எம்.களுக்கும் கொடுத்த நினைவகத்தின் கூட்டுத்தொகை சர்வரில் உள்ளதைத் தாண்டியிருந்தால், லினக்ஸ் வேறு வழியின்றி டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ பத்திகளில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் தேவைப்படுவது நினைவகமே. அதன் விலை தனி ஸ்டோரேஜின் விலையில் ஒரு சிறு பகுதி.

கேள்வி: தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்கிறோம். ரசீதும் கணக்கும் பிராக்ஸ்மாக்ஸில் உள்ள ஒரு வி.எம்.-இல் ஓடுகின்றன. பகல் முழுவதும் நன்றாக இருக்கும் மென்பொருள், வியாபாரம் சூடுபிடிக்கும் அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணிவரை மட்டும் நகர மறுக்கிறது. ஓணம் சமயத்தில் கேரள லாரிகள் காத்திருக்க, ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்தோம். சர்வர் வைத்துக்கொடுத்தவர் ‘ஆள் கூட்டம் அதிகம், அதனால்தான்’ என்கிறார்.
– வாசகர், தோவாளை

பதில்: கூட்டம் காரணமாக இருந்தால் காலை 6 மணிக்கும் அதே திணறல் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கி கடிகாரத்தைப் பார்த்து முடியும் தாமதத்துக்குப் பின்னால், கடிகாரத்தைப் பார்த்து ஓடும் ஒரு வேலை இருக்கும். நடு இரவு தாண்டிய நேரத்தில் யாரும் கணினியைத் தொடமாட்டார்கள் என்ற எண்ணத்தில் பேக்கப்பை அந்த நேரத்துக்கு வைப்பது உலக வழக்கம். தோவாளைச் சந்தைக்கு அந்த வழக்கம் பொருந்தாது. பிராக்ஸ்மாக்ஸின் டேட்டாசென்டர் பக்கத்தில் பேக்கப் என்ற பகுதியைத் திறந்து, வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். பேக்கப் பதிவேட்டில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்கும். அவை தாங்கள் சொன்ன 3-க்கும் 5-க்கும் ஒத்துப்போனால் நோய் தெரிந்துவிட்டது.

பேக்கப் என்பது படிக்கும் வேலைதானே, எழுதுவது ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.-ஐ பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் எடுக்கும்போது, தொடங்கிய நொடியில் டிஸ்க் எப்படி இருந்ததோ அதே நிலையைக் காப்பாற்றியாக வேண்டும். பேக்கப் இன்னும் எட்டாத ஒரு பகுதியில் தங்கள் ரசீது மென்பொருள் எழுத வந்தால், அங்கே உள்ள பழைய உள்ளடக்கத்தை முதலில் பேக்கப் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்த பிறகுதான் புதியதை எழுதவிடும். பேக்கப் போகும் இடம் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்காகவோ, நெட்வொர்க்கில் இணைந்த பழைய நாஸ் சேமிப்புப் பெட்டியாகவோ இருந்தால், சர்வரில் எத்தனை நல்ல எஸ்எஸ்டி இருந்தாலும் ரசீது மென்பொருள் அந்த யூஎஸ்பி டிஸ்க்கின் வேகத்தில்தான் எழுதும். இது பலருக்கும் தெரியாத காரணம். சர்வரின் டிஸ்க் அளவுகளைப் பார்த்தால் எல்லாம் நலமாகவே தெரியும் என்பதால் தேடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் செய்ய வேண்டியது, செலவே இல்லாத வேலை: பேக்கப்பை, பூ விற்றுத் தீர்ந்து கடை ஓய்ந்திருக்கும் பிற்பகலுக்கு மாற்றுங்கள். அப்படி ஓர் ஓய்வு நேரமே கிடைக்காத பருவத்துக்கு இன்னொரு வழி உண்டு. 2024-இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2 பதிப்பிலிருந்து ‘ஃபிளீசிங்’ என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால், பழைய உள்ளடக்கம் உள்ளூர் எஸ்எஸ்டி-யில் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கப்படும், வி.எம். காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு எஸ்எஸ்டி-யில் போதிய காலி இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இதையொட்டி எல்லா வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு. மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்வர் திணறினால், அது இரண்டாவது ஞாயிறா என்று நாள்காட்டியைப் பாருங்கள். டெபியன் லினக்ஸிலும் அதன் மேல் அமைந்த பிராக்ஸ்மாக்ஸிலும், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை வைத்திருந்தால், டிஸ்க் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ‘ஸ்கிரப்’ வேலை அந்த நாளின் நள்ளிரவுக்குப் பிறகு தானாகத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய ஹார்டு டிஸ்க்குகளில் அது பகலிலும் நீளும். அதை நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் கெட்டுப்போன பகுதிகளைக் கண்டுபிடிப்பது அதுதான். வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: குளச்சலில் மீன் ஏற்றுமதி அலுவலகம். விஎம்வேரில் உள்ள கணக்கு வி.எம். சில மாதங்களாக நாளுக்கு நாள் மெதுவாகிறது. புதிதாக எதையும் நிறுவவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் முன், வி.எம்.-இன் அப்போதைய நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்ததாக மட்டும் நினைவு.
– வாசகர், குளச்சல்

பதில்: அந்த ஸ்னாப்ஷாட் இன்னும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து பழைய டிஸ்க் கோப்பு பூட்டப்பட்டு, புதிதாக எழுதுவதெல்லாம் தனி வேறுபாட்டுக் கோப்பில் சேர்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும், வேண்டிய பகுதி புதிய கோப்பில் இருக்கிறதா, பழையதில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. நாள் ஆக ஆக அந்தக் கோப்பு வளர்ந்து தேடல் கனக்கிறது. தாங்கள் சொல்லும் ‘நாளுக்கு நாள்’ என்பதே அதன் அடையாளம். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் சொந்த அறிவுரை.

நீக்குவதற்கு முன், வி.எம். கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். வேறுபாட்டுக் கோப்பு வளர்ந்து இடத்தை நிரப்பிவிட்டால் வி.எம். நின்றுவிடும். ஸ்னாப்ஷாட்டை நீக்குவது என்றால் அதில் சேர்ந்ததையெல்லாம் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மாதக்கணக்கில் வளர்ந்ததைச் சேர்க்கப் பல மணி நேரம் ஆகலாம், அந்த நேரத்தில் வேகம் மேலும் குறையும். அலுவலகம் மூடிய பின் தொடங்குங்கள், பாதியில் சர்வரை அணைக்காதீர்கள். அதற்கு முன் வேறொரு டிஸ்க்கில் முழு பேக்கப் இருக்கட்டும். ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கைச் சார்ந்து நிற்பதால் அதையே பேக்கப்பாகக் கருத முடியாது. பட்டியலில் ஸ்னாப்ஷாட் ஒன்றும் தெரியாவிட்டாலும் கோப்புறையில் வேறுபாட்டுக் கோப்புகள் எஞ்சியிருப்பதுண்டு. ‘கன்சாலிடேட்’ என்ற கட்டளை அவற்றுக்கானது.

கேள்வி: மார்த்தாண்டத்தில் எங்கள் கடையின் சர்வருக்கு, வீட்டுக் கணினிகளுக்கு விற்கும் 2 டி.பி. எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் நகலாகும் இசட்எஃப்எஸ் மிரரில் போட்டோம். பெரிய கோப்பை நகலெடுத்தால் முதலில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைவிட மோசமாகிறது. டேட்டாபேஸ் எழுதுவதோ எப்போதும் மெதுவு. நண்பர் ஒருவர், எழுதுவதைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைக்கும் கேஷ் தேர்வை ‘ரைட் பேக் அன்சேஃப்’ என்று மாற்றினால் வேகம் வரும் என்றார். மாற்றினேன், உண்மையிலேயே வந்தது. இப்படியே வைத்திருக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இன்றே பழையபடி மாற்றிவிடுங்கள், ஐயா. அந்தத் தேர்வு டிஸ்க்கை வேகமாக்கவில்லை, ‘எழுதி முடித்துவிட்டாயா?’ என்று டேட்டாபேஸ் கேட்கும்போது, எழுதாமலேயே ‘முடித்துவிட்டேன்’ என்று பதில் சொல்ல வைக்கிறது. சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருக்கும் பதிவுகள், மின்சாரம் போன நொடியில் இல்லாமல் போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தின் ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்ததைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தனை பெரிய புயல் தேவையில்லை; யூபிஎஸ் பேட்டரி கைவிடும் ஒரு மழை நாள் போதும். ஒரு நாள் பதிவு போவதோடு நிற்காமல், டேட்டாபேஸ் முழுவதுமே திறக்க முடியாமல் போகக்கூடும்.

தாங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்திருக்கின்றன. முதலாவது, பறந்து பிறகு படுப்பது. இவ்வகை எஸ்எஸ்டி-களில் ஒரு செல்லில், அதாவது தரவு தங்கும் நுண்ணறையில், மூன்று அல்லது நான்கு பிட் எழுதுகிறார்கள். அது மெதுவான வேலை. அதை மறைக்க, ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்ற வேகமான முறையில் வைத்து, வருவதையெல்லாம் முதலில் அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பகுதி நிரம்பியதும் உண்மையான வேகம் வெளிப்படுகிறது. நான்கு பிட் வகையில் அது ஹார்டு டிஸ்க்குக்கும் கீழே போவதுண்டு. டிஸ்க் நிறைந்துகொண்டே போனால் அந்த வேகமான பகுதியும் சுருங்கும். வி.எம்.-இன் டிஸ்க் அமைப்பில் ‘டிஸ்கார்ட்’ தேர்வை இட்டு, உள்ளே இருக்கும் இயங்குதளம் அழித்த இடங்களைத் தெரிவிக்கும்படி செய்தால் இது ஓரளவு குறையும்.

இரண்டாவதுதான் தங்கள் கடையை வருத்துவது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும், அது டிஸ்க்கில் நிலையாகப் பதிந்ததா என்று உறுதி கேட்கிறது. சர்வருக்கென்று செய்யப்படும் எஸ்எஸ்டி-களில் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன; மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்க அந்தச் சேமிப்பு போதும் என்பதால், அவை உடனே உறுதி கொடுத்துவிடுகின்றன. வீட்டுக் கணினி வகையில் அது இல்லை. உண்மையிலேயே எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சர்வரில் ‘பிவிஇபெர்ஃப்’ என்ற கட்டளையை, வி.எம்.கள் இருக்கும் பாதையைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ‘எஃப்சிங்க்ஸ்/செகண்ட்’ என்று வரும் எண் தங்களிடம் சில நூறுகளில் இருக்கலாம். மின்தேக்கி உள்ளவற்றில் பல ஆயிரங்களில் இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தில் இந்த எண் இடம்பெறாது.

இந்த ஒரு வகையில் மட்டும் வாங்குவதுதான் தீர்வு. மின்வெட்டுப் பாதுகாப்பு உள்ளது என்று விவரத்தாளில் எழுதியிருக்கும் எஸ்எஸ்டி இரண்டை, குறைந்த கொள்ளளவாக இருந்தாலும், டேட்டாபேஸுக்கு மட்டும் வாங்குங்கள். இப்போது உள்ளவை கோப்புகளையும் பில் நகல்களையும் வைக்க நன்றாகவே உதவும்.

கேள்வி: தக்கலை அருகே பொறியியல் படிக்கிறேன். மடிக்கணினியில், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வி.எம். மென்பொருளில், உபுண்டு லினக்ஸ் மிகவும் மெதுவாக இருக்கிறது. டிஸ்க் அளவெல்லாம் சரியாகவே இருக்கிறது. சாளரத்தின் கீழே பச்சை நிற ஆமைப் படம் தெரிகிறது. எஸ்எஸ்டி மாற்ற வேண்டுமா, சார்?
– மாணவி, தக்கலை

பதில்: வேண்டாம் அம்மா, அந்த ஆமைதான் விடை. விண்டோஸின் சொந்த வி.எம். ஏற்பாடான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருப்பதால், விர்ச்சுவல்பாக்ஸ் செயலியை நேரடியாகப் பயன்படுத்த முடியாமல் அதன் மேல் ஏறி ஓடுகிறது என்று அது சொல்கிறது. விண்டோஸ் வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றையும், பாதுகாப்பு அமைப்பில் ‘மெமரி இன்டகிரிட்டி’யையும் நிறுத்தி, கணினியை மறுதுவக்கம் செய்து பாருங்கள். கடைசியாகச் சொன்னது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பதால், பாடவேலை முடிந்ததும் மீண்டும் இயக்கிவிடுங்கள்.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்கிறோம். ரெய்டு அட்டையுடன் வாங்கிய சர்வரில் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க் நான்கு, ஒன்று கெட்டாலும் தரவு தப்பும் ரெய்டு 5 அமைப்பில் உள்ளன. ஆறு வருடம் நன்றாக ஓடியது. இப்போது சில வாரங்களாக, அறிக்கை பார்ப்பது வழக்கம்போல் இருக்க, பதிவு செய்வது மட்டும் பல மடங்கு மெதுவாகிவிட்டது. டிஸ்க் எதுவும் கெடவில்லை. புதிய சர்வர் வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் அதை எப்படிச் சோதிப்பது?
– வாசகர், குலசேகரம்

பதில்: படிப்பது நலமாக இருக்க எழுதுவது மட்டும் ஒரு நாளில் படுத்துவிட்டது என்றால், ரெய்டு அட்டையின் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அட்டையில் உள்ள நினைவகம் எழுத வருவதை உடனே வாங்கிக்கொண்டு பதில் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக டிஸ்க்கில் இறக்கும். மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காப்பது பேட்டரி. பேட்டரி தேய்ந்துவிட்டதென்று தெரிந்ததும் அட்டை தானாகவே அந்த வசதியைக் கைவிட்டு, டிஸ்க்கில் இறங்கிய பிறகே பதில் சொல்லும் முறைக்கு மாறிவிடுகிறது. எங்கும் எச்சரிக்கை மணி அடிக்காமல், அட்டையின் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் விழுந்திருக்கும்.

அப்போதுதான் ரெய்டு 5-இன் உண்மைக் கணக்கு வெளியே வருகிறது. 7,200 சுற்று டிஸ்க் ஒருமுறை சுழல 8.3 மில்லி விநாடி. சராசரியாக அரைச் சுற்றுக்கும், படிக்கும் முனை நகர்வதற்கும் சேர்த்து ஒரு சிதறலான கோரிக்கைக்கு 12, 13 மில்லி விநாடி ஆகும். ஆக விநாடிக்கு ஏறத்தாழ 80 கோரிக்கைகள். நான்கு டிஸ்க்குக்கு 320. ஆனால் ரெய்டு 5-இல் சிறிதாக ஒன்றை எழுதுவதற்குப் பழைய தரவையும் பழைய சரிபார்ப்புத் தரவையும் படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டியிருப்பதால் நான்கு வேலைகள் ஆகின்றன. 320-ஐ நான்கால் வகுத்தால் மீண்டும் 80: நான்கு டிஸ்க் சேர்ந்தும் ஒரு டிஸ்க்கின் எழுதும் வேகம்தான். வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, காத்திருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை விநாடிக்கு முடிபவற்றால் வகுத்தால் காத்திருப்பு நேரம் கிடைக்கும். எப்போதும் 16 கோரிக்கைகள் நிலுவையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 200 மில்லி விநாடி. தாங்கள் படும் அவதி இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது.

பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பக்கூடும். பேட்டரி இல்லாமலேயே பழைய முறையைக் கட்டாயப்படுத்தும் தேர்வு சில அட்டைகளில் இருக்கிறது. மார்த்தாண்டம் வாசகருக்குச் சொன்ன அதே காரணத்தால் அதைத் தொட வேண்டாம்.

ஆயினும் ஆறு வருடம் உழைத்த டிஸ்க்குகளுக்கு மாற்று யோசிப்பது நியாயமே. புதியதைச் சோதிக்க, பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை நகலெடுத்து 500 எம்.பி. வேகம் காட்டுவதை ஏற்காதீர்கள். தங்கள் கணக்கு மென்பொருள் அப்படி எழுதுவதில்லை. லினக்ஸில் ‘எஃப்ஐஓ’, விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் ‘டிஸ்க்ஸ்பீடு’, இரண்டும் இலவசம். வி.எம்.-க்குள் இருந்து, 4 கே.பி. துண்டுகளாக, சிதறலாக, படிப்பது 70 பங்கும் எழுதுவது 30 பங்குமாக, இயங்குதளத்தின் நினைவகத்தைத் தவிர்த்து நேரடியாக எழுதும்படி, குறைந்தது 20 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். சோதனைக் கோப்பு சர்வரின் நினைவகத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும். வெறும் பூச்சியங்களால் நிரப்பிச் சோதித்தால் சில அமைப்புகள் அதைச் சுருக்கிவிட்டு இல்லாத வேகத்தைக் காட்டும். டிஸ்க்கின் பெயரையே நேரடியாகக் கொடுத்து எழுதும் சோதனையை ஓட்டினால் அதில் உள்ளதெல்லாம் அழியும், ஆகவே கோப்பின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

முடிவில் சராசரியைவிட 99-ஆம் சதமானத் தாமதத்தை, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதை, பாருங்கள். சராசரி 4 மில்லி விநாடியாக இருந்து, நூற்றில் ஒன்று 300 ஆக இருந்தால், பில் போடுபவருக்கு அந்த ஒன்றுதான் கண்ணில் படும். அந்த அறிக்கையை அச்செடுத்து விலைச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு யாராவது ‘சர்வர் மெதுவாகிவிட்டது’ என்று சொன்னால் அதே சோதனையை ஓட்டி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.